ஜெடாய்களைத் தலை எண்ணிப் பாருங்கள்

ஸ்டார் வார்ஸ் படங்களை முதல் தடவை பார்க்கும்போது கண் ஒளிவாளை விட்டு நகராது. அது இயல்புதான். அடுத்த தடவை பார்க்கும்போது அந்த வாளை ஏந்தும் துறவி வீரர்களான ஜெடாய்களைத் தலை எண்ணுங்கள். மொத்தம் எத்தனை பேர், யார் வீட்டுப் பிள்ளைகள், எந்த வயதில் வந்தார்கள் என்ற கேள்விகளோடு 1999, 2002, 2005-இல் வந்த மூன்று படங்களையும் வரிசையாகப் பாருங்கள். வாள்சண்டைக்கு அடியில் ஓடும் இன்னொரு கதை பிடிபடும். எனக்கு இந்தப் படங்கள் மேல் பிரியம் வந்ததே அந்தக் கதையால்தான்.

முதலில் எண்ணிக்கை. பரவலாகச் சொல்லப்படும் கணக்கு சுமார் 10,000 பேர். கேட்கும்போது பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் 2002 படத்தின் தொடக்க எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். ஆயிரக்கணக்கான சூரிய மண்டலங்கள் குடியரசிலிருந்து பிரியத் துடிக்கின்றன, இருக்கிற கொஞ்ச ஜெடாய்களால் அமைதியைக் காக்க முடியவில்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். பிரிய நினைக்கும் மண்டலங்களுக்கு மட்டும் ஆள் அனுப்பினாலும் ஒன்றுக்கு இரண்டு மூன்று பேர் தேறுவதே கஷ்டம்.

அப்படியானால் இவர்களை வைத்து ஒரு குடியரசு எப்படி ஓடியது? 1999 படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். ஒரு கிரகத்தையே முற்றுகையிட்டு நிற்கும் வணிகக் கூட்டமைப்போடு பேச வருவது இரண்டே பேர். வந்திருப்பவர்கள் ஜெடாய்கள் என்று தெரிந்த நொடியில் கப்பலில் இருக்கும் தலைவர்களுக்கு வெலவெலத்துப் போகிறது. வாள் இன்னும் உறையைவிட்டு வரவில்லை, பெயருக்கே அந்த நடுக்கம். ஆள்பலம் இல்லாத இடத்தைப் பேர்பலம் நிரப்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பேர்பலம் தீர்ந்துபோகும் இடம் 2002 படத்தில் வரும் ஜியோனோசிஸ் கிரகத்து அரங்கம். அங்கே சிறைப்பட்ட மூன்று பேரை மீட்க ஏறத்தாழ 200 ஜெடாய்கள் இறங்குகிறார்கள். பார்வையாளர் வரிசைகளில் நீலமும் பச்சையுமாக வாள்கள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பை அனுபவியுங்கள், அதற்காக எடுத்த காட்சிதான் அது. பிறகு சண்டை ஓய்ந்து, இயந்திரப் படை சூழ்ந்து நிற்க, நடுவில் மிஞ்சிய சிறு கூட்டத்தை எண்ணுங்கள். அவர்களைக் காப்பாற்ற வானிலிருந்து இறங்குவது குளோன் படை. 2,00,000 அலகுகள் தயார், இன்னும் பத்து லட்சம் வந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் படையை உருவாக்கும் காமினோ கிரகத்தில் ஏற்கெனவே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆலையில் வளர்த்தெடுத்த வீரர்கள், இன்னொரு பக்கம் ஒருவர் ஒருவராகச் சேர்த்த ஜெடாய்கள்.

ஏன் ஒருவர் ஒருவராக? அவர்கள் ஆள் சேர்க்கும் முறை அப்படி. பற்று கூடாது என்பது விதி, எனவே குடும்பமும் இல்லை. தனக்கென்று பிள்ளை பெறாத அமைப்பு, ஊரார் மடியிலிருந்துதான் பிள்ளைகளைப் பெற்றாக வேண்டும், அதுவும் பால்மணம் மாறாத வயதில். பிறகு ஒரு குருவுக்கு ஒரு நேரத்தில் ஒரே சீடர். ஒருவரின் ஆற்றலை அளக்க இரத்தத்தில் மிடி-குளோரியன் என்ற நுண்ணுயிர்களை எண்ணிப் பார்க்கும் சோதனையைப் பல ரசிகர்கள் வெறுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஞானம் பேசும் மடம், வாசலில் இரத்தப் பரிசோதனை செய்துதான் உள்ளே விடுகிறது என்பதை அந்த ஒரு காட்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிள்ளையைக் கொடுத்த பெற்றோரைப் படங்கள் அதிகம் காட்டுவதில்லை. ‘தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரில் ஒரு கட்டம் உண்டு. கேட் பேன் என்ற கூலி வேட்டைக்காரன் ஜெடாய் வேடத்தில் வந்து, ஒரு தாயிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். கள்வனையும் துறவியையும் அந்தத் தாயால் பிரித்தறிய முடியவில்லை. கேட்பது இருவருமே ஒன்றைத்தானே!

இனி 1999 படத்தில் ஜெடாயாகச் சேர வரும் சிறுவன் அனகினிடம் வருவோம். வயது ஒன்பது. அந்திச் சூரியன் சாயும் நேரம், ஜெடாய் சபையின் அறையில் வட்டமாகப் பன்னிரண்டு இருக்கைகள், நடுவில் தனியாக நிற்கிறான். சபை உறுப்பினர் மேஸ் விண்டு கையிலுள்ள திரை அவனுக்குத் தெரியாது. அதில் வரும் படங்களைப் பார்க்காமலே சொல்கிறான்: கப்பல், கோப்பை, இன்னொரு கப்பல். திறமையில் குறையே இல்லை. அம்மாவைப் பற்றிய பயம்தான் குறையாகிறது. வயது கடந்துவிட்டது என்கிறார்கள். பயத்தைக் கண்டுபிடித்ததில் சபை தவறவில்லை என்பேன். ஆனால், அடிமையாகக் கிடக்கும் அந்தத் தாயை மீட்டுவந்தால் பையனின் பயம் தீருமே என்று பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு விதியைத் தளர்த்தி அவனைச் சேர்த்துக்கொண்டபோதும் தோன்றவில்லை. அவளை விலைகொடுத்து மீட்டவன் பாலைவனத்தில் ஈரம் சேகரித்துப் பிழைக்கும் ஒரு சாதாரணப் பண்ணைக்காரன்.

2005 படத்தில் ஜெடாய்களின் கோயில் தாக்கப்படும் காட்சி வரும்போது அந்த அறையை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதே வட்டம், அதே இருக்கைகள். இப்போது அவற்றின் பின்னால் சின்னஞ்சிறு பிள்ளைகள் ஒளிந்திருக்கிறார்கள். வளர்ந்து இளைஞனாகிவிட்ட அனகின் உள்ளே வந்ததும் ஒரு சிறுவன் தைரியமாக வெளியே வந்து, அவனை ஆசானே என்றழைத்து, என்ன செய்யலாம் என்று கேட்கிறான். வாள் ஒளிர்கிறது. சிறுவன் ஓர் அடி பின்னால் வைக்கிறான்.