அண்ணாவியாரின் பள்ளிக்கூடம்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கூத்துப் பழகுவது ஒரு முழுமையான கல்வி. முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் அவரவர் பாட்டை அவரவர் கையில் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். ஆட்டம் தேறியதும் சதங்கை அணிவிழா, கடைசியில் அரங்கேற்றம்.

பழக்கத்தின் உயிர் தாளக்கட்டு. மத்தளத்தில் விழும் சொற்கட்டை வாய் சொல்ல வேண்டும், அதே கணத்தில் கால் மிதிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகும்வரை அண்ணாவியார் விடமாட்டார். வடமோடி என்ற கூத்து வகையில் அரசனுக்குக் கரப்புடுப்பு என்ற விரிந்த உடையும் கனத்த முடியும் உண்டு. அந்தப் பாரத்தோடு வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி ஆடி, மூச்சு இரைக்காமல் பாட வேண்டும். நாலு பக்கமும் சனம் இருப்பதால் முதுகும் நடிக்க வேண்டும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கலையைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொண்டுபோனார். 'இராவணேசன்' என்ற கூத்து அப்படிப் பிறந்தது. அதில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானார்.

பாட்டில் தமிழ், தாளத்தில் கணக்கு, ஆட்டத்தில் உடற்பயிற்சி, பக்கப்பாட்டில் கூட்டுழைப்பு: இத்தனையும் ஒரே களரியில் கிடைக்கின்றன. செய்து கற்கும் கல்வியை விரும்பும் பள்ளிகள், ஆண்டுவிழாவின் பத்து நிமிடத்துக்காக மட்டும் கூத்தைத் தேடக்கூடாது. ஒரு தவணை முழுக்க அண்ணாவியாரை ஆசிரியராக அழைத்து, அதற்குரிய சம்பளத்தையும் மரியாதையையும் கொடுக்க வேண்டும்.