சிந்தனைத் தலைமை

தலைவர் எனப்படுவோர் எல்லாரும் சிந்தனைத் தலைவர் ஆகார். கூட்டத்தின் விருப்பத்தை முன்னரே அறிந்து, அதனையே அழகிய சொற்களாற் புனைந்து அக்கூட்டத்துக்குத் திருப்பிக் கூறுவோர் பலர். மக்கள் அவர்பின் செல்வதுபோலத் தோன்றினும், உண்மையில் அவரே மக்கள்பின் செல்பவர். தம்மவர் விரும்பாத உண்மையைத் தம்மவர்க்கே எடுத்துரைப்போர் சிலர். சிந்தனைத் தலைமை அச்சிலரிடத்தே தொடங்குகின்றது.

இதனை ஆராய்வதற்கு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வரலாறு தக்கதோர் உரைகல்லாகும். 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய அவ்வியக்கத்தின் உயிராய் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம் (1899-1977). பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய ஆசிரியர் அவர். அரசாங்க உத்தியோகமே கல்வியின் பயன் என்று கருதப்பட்ட காலத்தில் அவ்விளைஞர் பூரண சுயராச்சியம் வேண்டினர். ஆங்கிலத்தாற் பெருமை பெற்றோரிடையே தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தினர். சாதிக்கட்டு இறுகிய ஊர்களிலே தீண்டாமையைக் கண்டித்தனர். இனவாரிப் பிரதிநிதித்துவத்தையும் மறுத்தனர். இவற்றுள் ஒன்றேனும் எளிதிற் கைதட்டல் பெறத்தக்கதன்று.

ஆயினும், இவ்வியக்கத்தின் பெருஞ்செயலாகிய 1931ஆம் ஆண்டுப் பகிஷ்காரத்தைப் புகழுரையோடு விட்டுவிடுதல் திறனாய்வாகாது. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சி வழங்கவில்லை என்பதனால் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு காங்கிரஸ் வேண்டியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்பாளராய் முன்வந்திலர். தென்னிலங்கை அவ்வழியைப் பின்பற்றவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன.

அந்த அரசியலமைப்பே இருபத்தொரு வயதடைந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்தது. செல்வமும் செல்வாக்கும் உடையோர்க்குத் தம் குறையை அதிகாரிகளின் செவியிற் சேர்க்கப் பிற வழிகள் உண்டு. நிலமற்ற கூலியாளனுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவனுக்கும், பெண்ணுக்கும் அன்று புதிதாகக் கிட்டிய கருவி வாக்கு ஒன்றே. சமத்துவம் பேசிய இயக்கம் அக்கருவியை அவர்கள் முதன்முறை பயன்படுத்தும் வாய்ப்பினைத் தடுத்துவிட்டது. நோக்கம் தூயது என்னும் விடை இங்குப் போதாது. தூய நோக்கத்தின் விலையை அதனைத் தேர்ந்தவர் மட்டுமன்றி, தேராதவரும் கொடுக்க நேர்ந்தது.

எனின், அவர் சிந்தனைத் தலைவர் அல்லரோ? அல்லர் என்பது பொருந்தாது. அப்பிழையை நாம் எந்த அளவுகோலால் அளக்கின்றோம் என்று நோக்குதல் வேண்டும். பிறப்பால் எவரும் தாழ்ந்தவர் அல்லர். ஆட்சியில் அனைவர்க்கும் பங்குண்டு என்னும் கொள்கைகளே அவ்வளவுகோல். அவற்றை யாழ்ப்பாணத்து வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அஞ்சாது பரப்பியவர்களுள் அவரும் அவர் தோழரும் முன்னிற்பர். கூட்டத்தை மகிழ்விக்கும் தலைவன் தன் வெற்றியால் மட்டுமே அளக்கப்படுவான். வெற்றி நீங்கின் அவன்பால் எஞ்சுவது யாதுமில்லை. சிந்தனைத் தலைவனோ தன்னையும் தீர்ப்பிடவல்ல அறிவைப் பிறர்க்கு வழங்கிச் செல்கின்றான்.

ஆகவே, இத்தகையோர்க்கு மாலை சூட்டுதலினும் அவர்தம் முடிவுகளை மீண்டும் மீண்டும் விசாரித்தலே மாணவர்க்குரிய கடன். ஆசிரியராய் வாழ்ந்த அவர் தம் மாணவரிடம் எதிர்பார்த்திருக்கத்தக்க மரியாதையும் அதுவேயாம்.