கொல்வது வெள்ளி, கிராபீன் எதற்கு?

கிருமிக்கு எதிராக வெள்ளியைப் பயன்படுத்துவது புதிதல்ல. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே 1880களிலேயே பச்சிளம் குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டாக விட்டு, பார்வையைப் பறிக்கும் தொற்றைத் தடுத்தார். 1968இல் வந்த சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைத் தீக்காயங்களுக்கு இன்றும் பூசுகிறார்கள். கிராபீன் என்ற மெல்லிய கார்பன் தாளின் ஆக்சைடு வடிவத்தில் வெள்ளி நானோ துகள்களைப் பதித்த கலவையை இந்த மரபின் அடுத்த படியாக ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். அதற்குத் தரப்படும் பாராட்டில் எவ்வளவு வெள்ளிக்குரியது, எவ்வளவு கிராபீனுக்குரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கலவையின் அடிப்படை எண்ணம் நல்லது. வெள்ளி நானோ துகள்கள் தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியானால் மேற்பரப்பு குறையும், வெளிவரும் வெள்ளி அயனியும் குறையும். கிராபீன் ஆக்சைடின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட வேதித்தொகுதிகள் நிறைய உண்டு. அவை வெள்ளி அயனிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த இடத்திலேயே துகள்கள் உருவாகி அங்கேயே தங்குகின்றன. துகள்கள் சிறிதாகவும் பிரிந்தும் இருப்பதால் குறைந்த வெள்ளியிலேயே ஈ.கோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவற்றை அழிக்க முடிகிறது.

ஆனால் கிராபீனும் தன் பங்குக்குக் கிருமியைக் கொல்கிறது என்ற கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. அதன் கூரிய விளிம்புகள் பாக்டீரியாவின் சவ்வைக் கிழிக்கின்றன என்று 2010இல் வந்த ஆய்வுகள் கூறின. மறு ஆண்டே வேறொரு குழு, கிராபீன் ஆக்சைடு இருந்த இடத்தில் பாக்டீரியா இன்னும் செழித்து வளர்ந்ததாக அறிவித்தது. 2016இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இந்த முரணுக்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த கிராபீன் ஆக்சைடுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் இல்லை, தயாரிப்பில் எஞ்சிய மாசுகளே முன்பு அப்படித் தோன்றச் செய்தன. வெள்ளியின் பக்கம் 2012இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு ஓர் உண்மையைக் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெள்ளித் துகள்கள் அயனியை வெளிவிடுவதில்லை. அப்போது அவை பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை. ஆக, கொல்வது வெள்ளி அயனி. கிராபீன் அதைத் தாங்கி நிற்கிறது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, இதைவிட எளிய தாங்கி போதாதா என்பதுதான். பல ஆய்வுகள் கலவையை வெறும் வெள்ளியோடும் வெறும் கிராபீன் ஆக்சைடோடும் ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று முடித்துக்கொள்கின்றன. சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு, அலுமினியச் சேர்மத்தையும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் சேர்த்த பொருளில் வெள்ளித் துகள்களைப் பதித்துக் குடிநீர் வடிகட்டியை உருவாக்கியது. 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, நீரில் கலக்கும் வெள்ளி லிட்டருக்கு சுமார் 0.04 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு 0.1 மில்லிகிராம். மலிவான தாங்கியே இதைச் சாதிக்கும்போது, அடர் சல்ஃப்யூரிக் அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்து பெறப்படும் கிராபீன் ஆக்சைடு தன் தேவையை நிரூபித்தாக வேண்டும்.

அந்தத் தேவை வலுவாகத் தெரியும் ஓரிடம் உண்டு. பாக்டீரியா வெள்ளிக்கும் பழகிக்கொள்ளும். 1975இல் அமெரிக்காவின் தீக்காயப் பிரிவு ஒன்றில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா கண்டறியப்பட்டது. அதன் பிளாஸ்மிட் எனும் மரபணு வளையம் வெள்ளி எதிர்ப்போடு ஆம்பிசிலின் எதிர்ப்பையும் சேர்த்தே சுமந்தது. 2018இல் செக் ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள்: மீண்டும் மீண்டும் வெள்ளித் துகள்களைச் சந்தித்த பாக்டீரியா ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தைச் சுரந்து அவற்றைக் கட்டியாக்கிச் செயலிழக்கச் செய்தது. 2021இல் அதே ஆய்வாளர்கள் சயனோகிராபீன் என்ற கிராபீன் வகையில் வெள்ளியை வேதிப்பிணைப்பால் இறுக்கிக் கட்டினார்கள். அதனால் எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாக்களும் மடிந்தன. கிராபீனுக்காகப் பேச எனக்குக் கிடைத்த சிறந்த சான்று இதுதான்.

ஆய்வகத் தட்டில் கிடைக்கும் வெற்றி உடலில் அப்படியே கிடைக்காது. காயத்தில் ஊறும் நீரிலுள்ள குளோரைடும் புரதங்களும் வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி சேர்த்த கட்டுகள் காயத் தொற்றைத் தடுக்கின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என 2010இல் மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு கூறியது. கிராபீனைக் கூட்டுவதால் மட்டும் இந்தக் குறை நீங்கிவிடாது. கிராபீன் துகள்கள் மூச்சுக்காற்றில் கலக்கும் அபாயம் தனி. கிராபீன் பூசிய சில முகக்கவசங்களைத் தவிர்க்கும்படி கனடா நாட்டு சுகாதாரத் துறை 2021 ஏப்ரலில் எச்சரித்தது. ஆய்வுக்குப் பின் ஜூலையில் சில வகைகளை அனுமதித்தது. விற்ற பிறகு சோதிப்பது முறையல்ல.

நீர் சுத்திகரிப்புச் சவ்வுகளில் கிருமிப்படலம் படிவதைத் தடுக்கவும், எதிர்ப்பு பெற்ற கிருமிகளோடு போராடும் மருத்துவக் கருவிகளின் மேற்பூச்சாகவும் இந்தக் கலவையைத் தொடர்ந்து ஆராயலாம். காலுறைக்கும் முகக்கவசத்துக்கும் இது வேண்டாம். தேவையில்லாத இடத்தில் கலக்கும் ஒவ்வொரு துளி வெள்ளியும் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பயிற்றுவிக்கும். ஆய்வாளர்களிடம் கேட்பது ஒன்றே: அடுத்த கட்டுரையில் அதே அளவு வெள்ளியைக் கைட்டோசானிலும் கரித்தூளிலும் பதித்து, கிராபீனுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.