செவிவழிக் கற்றலும் குறுவலையொலிப் பாடங்களும்: நன்னூலின் ‘பாடங்கேட்டல்’ நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முடியும் வலையொலிப் பாடங்கள் வகுப்பறையிலும் வீட்டுவழிக் கல்வியிலும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. ‘சுருக்கமாக இருப்பதால் மாணவர் கேட்பர், கேட்பதால் கற்பர்’ என்பது அப்பரிந்துரையின் அடிப்படை. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே உள்ள தொலைவை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பாடங்கேட்டல் முறையை அளவுகோலாகக் கொண்டு, இக்காலக் கற்றலியல் ஆய்வு முடிவுகள் சிலவற்றை அதனோடு ஒப்புநோக்கி, ஒலிப்பாடம் செய்யக்கூடியது எது, அதனால் இயலாதது எது என வரையறுக்க முயல்கிறது. ஒலிப்பாடத்தின் தகுதி அதன் நீளத்தால் அன்று, அது கேட்போனிடம் எழுப்பும் செயலால் அமைகிறது என்பதும், தமிழ்ப்பாடத்தில் எழுத்துவடிவம் காட்ட இயலாத ஒலிக்கூறுகளே அதற்குரிய களம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வலையொலி, செவிவழிக் கற்றல், நன்னூல், பாடங்கேட்டல், குற்றியலுகரம், வீட்டுவழிக் கல்வி.

முன்னுரை

ஒலிவழிக் கல்வி புதிதன்று. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1924இலேயே பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் கல்விக்கென அமைந்த ‘ஞானவாணி’ பண்பலை 2001இல் தொடங்கப்பட்டது. 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமுதாய வானொலி எழுந்தது. அதே 2004இல்தான் ‘பாட்காஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓர் இதழ்க் கட்டுரை வழியாகப் புழக்கத்திற்கு வந்தது. வானொலிப் பாடத்திற்கும் வலையொலிப் பாடத்திற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: முன்னதைக் குறித்த நேரத்தில் ஒருமுறை மட்டுமே கேட்க இயலும்; பின்னதை விரும்பிய நேரத்தில் நிறுத்தியும் திருப்பியும் கேட்கலாம்.

இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் கற்றல் நோக்கில் பெரிது. ஆயினும் வலையொலிப் பாடங்களைப் பற்றிய பேச்சு, திருப்பிக் கேட்கும் வாய்ப்பைக் காட்டிலும் அவற்றின் குறுமையையே பெரிதும் போற்றுகிறது. குறுமை எதற்கு உதவுகிறது என்னும் வினா உரிய அளவில் எழுப்பப்படவில்லை. இவ்வினாவை எழுப்பாமல் ஒலிப்பாடங்களைப் பெருக்கினால், ஆசிரியர் இல்லாத இடத்தை ஒலிக்கோப்பு நிரப்பிவிடும் என்னும் எண்ணம் வலுப்பெறும். அதன் இழப்பு முதலில் அரசுப் பள்ளி மாணவரையே சேரும்.

நன்னூலின் காற்பங்குக் கணக்கு

திருக்குறள் ‘கல்வி’, ‘கல்லாமை’ ஆகிய அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் வகுக்கிறது. கேட்டல் தனித்து எண்ணத்தக்க அறிவுவாயில் என்பதற்கு இவ்வைப்புமுறை சான்று. ஆயின் கேட்டலை நடைமுறையாக விரித்துரைப்பது நன்னூலே. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என ஐந்தன் வரலாற்றைக் கூறுகிறார். சொல்லலும் கேட்டலும் வெவ்வேறு வரலாறுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. பாடம் சொல்லப்பட்டதனாலேயே கேட்கப்பட்டதாகாது என்னும் தெளிவு இப்பகுப்பில் உண்டு.

இக்கட்டுரைக்கு இன்றியமையாத கருத்துகள் மூன்று.

முதலாவது, திரும்பக் கேட்டல். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும். மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கும் தகுதி வரும் என்கிறது நன்னூல்.

இரண்டாவது, பங்கீடு. ஆசிரியர் கூறியதை மாணவர் முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் அவருக்குக் கிடைப்பது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் வந்துசேரும்.

மூன்றாவது, கேட்போரின் செயல்கள். கேட்டதை நினைத்தல், பாடத்தைப் போற்றல், வினாதல், வினாவியதற்கு விடையளித்தல் முதலியன கற்போரின் கடன்களாக அடுக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றேனும் வாளா இருந்து கேட்பதாக இல்லை.

இவற்றை அளவுகோலாகக் கொண்டால் வலையொலியின் இடம் தெளிவாகிறது. முதற்கருத்தாகிய திரும்பக் கேட்டலை அது எளிதாக்குகிறது. வகுப்பில் ஒருமுறை கூறிய ஆசிரியரால் நாற்பது மாணவர்க்கும் தனித்தனியே மும்முறை கூறுதல் அரிது. இரண்டாவதில் அது முதற் காற்பங்கை மட்டுமே தொடுகிறது. அதனையும் முழுமையாகத் தருவதில்லை. கொள்வோரின் கொள்வகை அறிந்து கொடுத்தல் பாடஞ்சொல்லலின் இலக்கணம். பதிவுசெய்யப்பட்ட குரல் தன் முன் இருப்பவர் யாரென அறியாது. மூன்றாவதைப் பொறுத்தவரை, பாடம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதைச் சார்ந்தே அனைத்தும் நிற்கிறது.

குறுமை என்னும் அளவு

குறும்பாடத்திற்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் சான்று, பிலிப் குவோ முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு. எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடநெறிகளில் ஏறத்தாழ 69 இலட்சம் காணொளிப் பார்வை அமர்வுகளை ஆராய்ந்த அவர்கள், காணொளி எவ்வளவு நீண்டதாயினும் மாணவர் அதில் ஈடுபட்டிருக்கும் இடைநிலைக் காலம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை எனக் கண்டனர். ‘ஆறு நிமிடம்’ என்னும் எண் இதன்பின் விதிபோல் வழங்கலாயிற்று.

இச்சான்றைக் கையாள்வதில் இரு நெகிழ்ச்சிகள் நேர்கின்றன. ஒன்று, அவ்வாய்வு காணொளியைப் பற்றியது, ஒலிப்பாடத்தைப் பற்றியதன்று. மற்றொன்று, அது முதன்மையாக அளந்தது மாணவர் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதையே. அந்நேரத்தில் எவ்வளவு கற்றனர் என்பது வேறு வினா. இருத்தலைக் கற்றலாகக் கொள்வது, வருகைப்பதிவேட்டை மதிப்பெண் பட்டியலாகக் கொள்வதை ஒக்கும்.

ஒலிப்பாடத்தை நேரடியாக ஆராய்ந்த டேனியல், வுடி ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு எச்சரிக்கை தருகிறது. ஒரே பாடப்பொருளை ஒரு சாரார் கட்டுரையாகப் படித்தனர். மற்றொரு சாரார் வலையொலியாகக் கேட்டனர். பின்னர் நடத்தப்பட்ட தேர்வில் கேட்டவர்கள் படித்தவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். கேட்பதும் செவிகொடுப்பதும் வேறு என்பதையே அக்கட்டுரையின் தலைப்பும் உணர்த்துகிறது.

இதற்கான காரணத்தை லீஹி, சுவெல்லர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. பேச்சு நிலையற்றது, ஒலித்தவுடன் மறைவது. நீண்ட பேச்சில் முற்கூறியதை நினைவில் தாங்கிக்கொண்டே பிற்கூறுவதைக் கேட்கும் சுமை கற்போர்மேல் ஏறுகிறது. அச்சில் படிப்பவரின் கண் முந்தைய வரிக்குத் திரும்பலாம். கேட்பவரின் செவி அவ்வாறு திரும்புவதில்லை. எனவே ஒலிப்பாடத்தில் குறுமை தேவைதான். ஆயின் அது மாணவரின் சலிப்பைத் தவிர்ப்பதற்காக அன்று, நினைவின் சுமையைக் குறைப்பதற்காகவே தேவை. இக்காரணத்தை ஏற்றால் நாம் எண்ணவேண்டியது நிமிடங்களை அன்று, ஒரு பாடத்தில் வரும் புதுக்கருத்துகளை. ஐந்து நிமிடத்தில் யாப்பின் ஆறு உறுப்புகளையும் கூறி முடிக்கும் பாடம் குறும்பாடம் ஆகாது, அது விரைவுப்பாடம்.

இடைவெளியின் பயன்

ஒலிவழிக் கல்வியின் வரலாற்றில் வெற்றிபெற்ற முயற்சி ஒன்றை இங்கு நோக்கலாம். 1970களில் நிகராகுவாவில் தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்திற்கு வானொலிப் பாடங்கள் உருவாக்கப்பட்டன. ஜேமிசன் முதலானோர் 1981இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முதல் வகுப்பில் பாடநூல் வழங்கப்பட்ட பிரிவினரைவிட வானொலிப் பாடம் கேட்ட பிரிவினர் மிகுந்த முன்னேற்றம் அடைந்தனர். வழக்கமான முறையில் பயின்றோரோடு ஒப்பிட, வானொலிப் பிரிவினரின் முன்னேற்றம் ஏறத்தாழ ஒரு திட்டவிலக்க அளவினதாக இருந்தது.

அப்பாடங்கள் குறும்பாடங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம் ஒலித்தது. அவற்றின் தனித்தன்மை வேறு. வானொலிக் குரல் வினாவொன்றைக் கேட்டுவிட்டுச் சில நொடிகள் அமைதி காக்கும். அவ்விடைவெளியில் குழந்தைகள் உரக்க விடை கூறுவர் அல்லது எழுதுவர். பின் குரல் சரியான விடையைக் கூறும். வகுப்பில் ஆசிரியரும் உடனிருந்து செயல்களை நடத்துவார். நன்னூல் கூறும் வினாதலும் விடுத்தலும் ஓரளவு ஒலிப்பாடத்திற்குள்ளேயே அமைக்கப்பட்டன எனலாம்.

இதனால் பெறப்படுவது: குறுமையும் நெடுமையும் அடுத்த நிலையின; இடைவெளி உண்டா என்பதே முதல் வினா. தடையின்றி ஓடும் ஐந்து நிமிடச் சொற்பொழிவைவிட, கேட்போரைப் பத்து இடங்களில் வாய்திறக்கச் செய்யும் அரைமணி நேரப் பாடம் மேலானது.

தமிழ்ப்பாடத்தில் ஒலியின் களம்

எல்லாப் பாடப்பொருளும் செவிக்கு ஏற்றன அல்ல. வரைபடம், அட்டவணை, நெடிய வரையறை ஆகியவை கண்ணுக்குரியன. பாடநூல் வரிகளை அப்படியே வாசித்துப் பதிவிடும் ஒலிப்பாடம், கண் எளிதாகச் செய்யும் பணியைச் செவியின்மேல் சுமத்துகிறது. பார்வைக் குறைபாடுடைய மாணவர்க்கு அத்தகைய பதிவு பெரும்பயன் தருவது. ஏனையோர்க்கு அதனால் விளையும் பயன் சிறிதே.

தமிழில் எழுத்துவடிவம் காட்டாது விடும் கூறுகள் பல. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களிலும் ககர வரிவடிவம் ஒன்றே, ஒலியோ மூன்று. ‘நாடு’, ‘நடு’ என்னும் இரு சொற்களின் ஈற்றிலும் ஒரே ‘டு’ எழுதப்படுகிறது. முன்னதில் உகரம் இதழ் குவியாது குறுகி அரை மாத்திரையாக ஒலிக்கிறது; பின்னதில் தனிக்குறிலை அடுத்து வருவதால் குறுகாது முழுமையாக ஒலிக்கிறது. குற்றியலுகரத்தின் விதியை மனப்பாடமாகக் கூறும் மாணவர் பலர் அவ்வேறுபாட்டைச் செவியால் உணர்ந்திரார். கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் மாத்திரையின் அளவாகக் கூறிய இலக்கணிகள், இலக்கணத்தைக் காலத்தில் நிகழும் ஒலியாகவே கண்டனர். நாம் அதனைத் தாளில் எழுதும் வாய்பாடாக மாற்றிவிட்டோம்.

பாவோசை பற்றியும் இதுவே கூறத்தக்கது. வெண்பாவிற்குச் செப்பல், ஆசிரியத்திற்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், அந்நான்கு ஓசைகளையும் ஒருமுறையேனும் வேறுபடுத்திக் கேட்டிருத்தல் வேண்டும். இங்கு ஒலிப்பாடம் பாடநூலின் துணைக்கருவி என்னும் நிலையைக் கடந்து, பாடப்பொருளின் மூலமாகவே ஆகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெறுகின்றன. இத்தகைய ஒலிப்பாடங்களைச் செய்யுட் பகுதியோடும் இலக்கணப் பகுதியோடும் இணைப்பதற்குரிய வழி முன்னரே திறந்துள்ளது.

இதற்குத் தடையாக நிற்பது தேர்வுமுறை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்ப்பாடம் முழுவதும் எழுத்துத் தேர்வாகவே அமைகிறது. கேட்டலும் பேசலும் மதிப்பிடப்படாத நிலையில் ஆசிரியர் அவற்றிற்கு நேரம் ஒதுக்கவில்லை எனக் குறைகூறுதல் பொருந்தாது.

வகுப்பறையும் வீடும்

வகுப்பறைக்கும் வீட்டிற்கும் ஒரே ஒலிப்பாடத்தைப் பரிந்துரைப்பது பொதுவழக்கு. காற்பங்குக் கணக்கை நோக்கின் இரண்டிற்கும் தேவை வேறு. வகுப்பறையில் உடன்பயில்வோர் உளர். குற்றியலுகரம் பற்றிய ஆறு நிமிடப் பாடம் ஒன்றைக் கொள்வோம். முதலில் நான்கு இணைச்சொற்கள் ஒலிக்கும். மாணவர் திருப்பி ஒலிப்பர். பின் விதி ஒன்று மட்டும் கூறப்படும். இறுதியில் விடையின்றி ஐந்து சொற்கள் ஒலிக்க, மாணவர் இருவர் இருவராக வகைப்படுத்தி ஒருவர்க்கொருவர் காரணம் கூறுவர். பாடம் ஒலிக்கும் நேரம் ஆறு நிமிடம். கற்றல் நிகழும் நேரம் அதனை அடுத்து வரும் இருபது நிமிடம்.

வீட்டுவழிக் கல்வியில் உடன்பயில்வோரின் காற்பங்கும் விரித்துரைத்தலின் அரைப்பங்கும் கேட்பாரற்று நிற்கின்றன. அங்கு ஒலிப்பாடம் மாணவரை மற்றொருவரிடம் அனுப்புவதாக முடிதல் வேண்டும்: கேட்டதைத் தாய்க்கோ தம்பிக்கோ கூறுதல், தன் குரலில் பதிவுசெய்து முன்னதோடு ஒப்பிடுதல் போன்றன. அயல்நாடுகளில் வார இறுதியில் மட்டும் தமிழ் பயிலும் குழந்தைகட்கும் இது பொருந்தும். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்கும் நிறுவனம் இத்தகையோரை மனத்திற்கொண்டே உருவானது. அவர்களுக்கு ஒலிப்பாடம் தரும் முதற்பயன் செய்தி அன்று. வீட்டில் கேட்க வாய்க்காத பல்வேறு தமிழ்க்குரல்களின் ஒலிப்பழக்கம்.

நன்னூலுக்கு அப்பால்

நன்னூலை அளவுகோலாகக் கொள்வது பழமையைப் போற்றுதற்காக அன்று. அதன் எல்லைகளும் கூறத்தக்கன. பாடஞ்சொல்லத் தகாதவர் என அந்நூல் தரும் பட்டியலில் கள்வனோடு பிணியனும், சினத்தனோடு மந்தனும் இடம்பெறுகின்றனர். நோயுற்றவரையும் மெல்லக் கற்பவரையும் வாயிலிலேயே நிறுத்தும் அம்மரபை இன்றைய கல்வி ஏற்க இயலாது. இவ்விடத்தில் வலையொலி நன்னூலைத் திருத்துகிறது. மெல்லக் கற்பவர் பத்துமுறை திருப்பிக் கேட்டாலும் அக்குரல் சலிப்பதில்லை. நோயால் வகுப்பிற்கு வாராதவரின் படுக்கையருகேயும் அது ஒலிக்கும். முதல்முறையே புரிந்துகொண்டவர்க்குக் குறும்பாடம் ஒரு வசதி. பலமுறை கேட்கவேண்டியவர்க்கு அதுவே வாயில். பாடங்களை வடிவமைப்போர் மனத்தில் முதலில் நிற்கவேண்டியவர் இப்பின்னவரே.

முடிவுரை

வலையொலிப் பாடத்தின் குறுமை நினைவுச் சுமையைக் குறைக்கும் வழியே அன்றிக் கற்றலுக்கு உறுதி அன்று. ஒரு பாடத்திற்கு ஒரு கருத்து, கேட்போர் விடைகூற இடைவெளி, பிறர்க்கு எடுத்துரைக்கும் பணியோடு முடிதல் ஆகிய மூன்றும் அமைந்தவழியே அது பயன்தரும். தமிழைப் பொறுத்தவரை அதன் தலையாய களம் எழுத்துக் காட்டாத ஒலிக்கூறுகளும் பாவோசையும் ஆகும். ஆசிரியரின் காற்பங்கில் ஒரு பகுதியை ஒலிக்கோப்பு ஏற்கலாம். எஞ்சிய முக்காற்பங்கிற்கு உடன்பயில்வோரும் கேட்போரும் வேண்டும். ஒலிப்பாடத்தால் மீதமாகும் வகுப்புநேரம் அம்முக்காற்பங்கிற்கு ஒதுக்கப்படின் அது கல்விக்கு ஆக்கம். ஆசிரியர் பணியிடத்தைக் குறைப்பதற்குக் காரணமாகக் காட்டப்படின் கேடு. குற்றியலுகரம், பாவோசை ஆகியவற்றிற்கான மாதிரி ஒலிப்பாடங்களை உருவாக்கி, மெல்லக் கற்போரிடையே அவற்றின் பயனை ஆராய்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணி.