ஐயர் வாசித்த பெயர்கள்

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் ஐயரின் பிரசங்கம் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. அவர் வேதம் வாசித்தது மட்டும் அப்படியே காதில் நிற்கிறது. மத்தேயு முதல் அதிகாரத்தை யாராவது ரசித்துக் கேட்பார்களா? வெறும் பெயர்ப் பட்டியல், ஆபிரகாமில் தொடங்கி 42 தலைமுறை. மற்றவர்கள் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள். இவரோ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நாடாவை ஒதுக்கி, மெல்லிசான தாளை விரல் நுனியால் நீவிவிட்டு நிதானமாகத் தொடங்குவார். அம்மினதாப், நகசோன், சல்மோன் என்று ஒவ்வொருவருக்கும் உரிய மாத்திரை கிடைக்கும். சொரொபாபேல்கூட அவர் நாக்கில் இடறியதில்லை. தாமார், ராகாப், ரூத் என்று பெண்கள் வரும் இடத்தில் மட்டும் குரல் ஒரு நூல் இறங்கும். விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். இவர்கள் இந்தப் பட்டியலில் யாரும் எதிர்பாராத ஆட்கள் என்பது அந்தச் சின்னத் தணிவிலேயே பிடிபட்டுவிடும்.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களையும் வாசிக்க வைப்பார். அவசரப்பட்டால் போச்சு. "ஏல, மெதுவா வாசி. எல்லாரும் உசுரோட இருந்த ஆளுகதான?" என்பார். அதட்டல் இருக்காது, ஆனால் மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும். இன்று வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது எந்தப் பிள்ளையின் பெயரையும் நான் சுருக்குவதில்லை. முதல் பாடவேளையில் பத்து நிமிடம் அதற்கே போய்விடுகிறது.