எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

சென்னையில் மலையாளப் படம் பார்க்கிற கூட்டத்துக்கு ஷாஜி என். கருணின் ‘பிறவி’ கிட்டத்தட்ட ஒரு கோயில். அடையாறு திரையிடலோ மயிலாப்பூர் இலக்கியக் கூட்டமோ, பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: திரும்பி வராத மகனுக்காகத் தினமும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிற அப்பா, பிரேம்ஜியின் முகம், மழை. காத்திருப்பின் காவியம் என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போவோம். அதே ஆட்களிடம் ‘ஜெய் பீம்’ பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். “நல்ல விஷயம்தான், ஆனா ரொம்ப சத்தம்.”

இந்தத் தரவரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வெறும் ரசனைச் சிக்கல் இல்லை.

‘பிறவி’க்குப் பின்னால் இருப்பது ராஜன் வழக்கு. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவரான ராஜனை, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துப்போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை முடிந்த கையோடு கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்றது அரசு. நீதிமன்றம் நம்பவில்லை. நெருக்கடி நிலையின்போது உள்துறையை வைத்திருந்த கருணாகரன், முதல்வரான ஒரே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

வாரியரும் காத்திருந்தார்தான். ஆனால் காத்துக்கொண்டே மனு எழுதினார். நம் நினைவில் தங்கியிருப்பது மழையும் பஸ்ஸும். மனு தங்கவில்லை.

இந்த மறதி மொழியிலேயே இருக்கிறது. ‘காணாமல் போனவர்’ என்கிறோம். யார் போனது? அவரே எழுந்து போனாரா? ஈழத்துத் தாய்மார் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய போராட்டம் ஒரு வினைச்சொல்லுக்கான போராட்டமும்தான். இலங்கை அரசு 2016-இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலோ அதே ‘காணாமற்போன’. அந்த அலுவலகத்தின் முடிவுகளால் எவர் மீதும் குற்றவியல் பொறுப்போ சிவில் பொறுப்போ எழாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பெயரும் ஷரத்தும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன பாருங்கள்!

‘ஆக்கப்பட்ட’ என்பதும் பாதி தூரம்தான். அது செயப்பாட்டுவினை. ஆக்கியது யார் என்ற இடம் இன்னும் காலி. அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிற படம் என்பதால்தான் ‘ஜெய் பீம்’ எனக்கு முக்கியம்.

1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்ததையும், வழக்கறிஞராக சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கையும் வைத்து எடுத்த படம் அது. குறைகள் நிறைய. பின்னணி இசை நம்மை அழச் சொல்லி அதட்டுகிறது. செங்கேணியின் கதையில் வக்கீலுக்குத்தான் நடு நாற்காலி. ஆனால் படத்தின் கதைக்கட்டு ஓர் ஆட்கொணர்வு மனுவின் கட்டு. “தப்பிச்சு ஓடிட்டாங்க” என்று போலீஸ் சொல்வதும் ‘காணாமல் போன’ இலக்கணம்தான். செய்தவர் மறைந்து, செய்யப்பட்டவரே செய்தவர் ஆகிவிடுகிறார். படம் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சாட்சியாக வைத்துப் பிரிக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கச் சொல்லும்போது செங்கேணி மறுக்கிறாள். 2022-இல் இலங்கை அமைச்சரவை குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்றபோது வடக்கின் தாய்மார் சொன்னதும் அதுதான்: காசு வேண்டாம், பிள்ளை எங்கே?

இதைப் பக்கத்து நாட்டு சோகமாக மட்டும் படிக்க நமக்கு உரிமை கிடையாது. வலிந்து காணாமல் ஆக்குதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் கையெழுத்துப் போட்டது; இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நம் குற்றவியல் சட்டத்தில் இதற்கெனத் தனிக் குற்றமே கிடையாது. 1987 முதல் 1990 வரை ஈழ மண்ணில் இருந்தது இந்திய ராணுவம். புலிகள் பிடித்துப்போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற வீடுகளும் அங்கே உண்டு. எழுவாய் எப்போதும் நமக்கு வசதியானவராக இருக்கமாட்டார்.

நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கும் தொகுப்புகளில் இப்படியொரு தாய் அடிக்கடி வருகிறாள். கையில் போட்டோ, கண்ணில் நீர். பிடித்துப்போனவரின் சீருடை வருவதில்லை, முகாமின் பெயர் வருவதில்லை, அவள் கொடுத்த புகாரின் எண் வருவதில்லை. அவளிடம் கேட்டிருந்தால் தேதி, நேரம், வண்டியின் நிறம் எல்லாம் சொல்லியிருப்பாள். வருடக்கணக்காக அதைத்தானே ஒவ்வொரு ஆணைக்குழு முன்பும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்ணீரை எடுத்துக்கொண்டு சாட்சியத்தை விட்டுவிட்டு வருகிற கதையை, நடை எவ்வளவு அழகாக இருந்தாலும், நல்ல கதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.