படலை பெயர்த்த இரவு: வன்னிக் கிராமத்துச் சிவராத்திரிக் குறும்பு பற்றிய ஒரு திறனாய்வு

மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் இளமையையும் ஒன்றாக எண்ணினார். இதற்குப் பிள்ளைத்தன்மை எனப் பொருள் கண்டு அமைந்தது உரைமரபு. மழலையும் அறியாமையும் நகைக்குரியன என்பதில் ஐயமில்லை. ஆயின், வீட்டின் ஆணைக்கு அடங்க மறுக்கும் பருவத்து இளமையும் நகைக்கு ஊற்றாகலாம். இவ்விரண்டாவது வகைக்கு வன்னிப் பெருநிலப்பரப்பு தரும் சான்று ஏட்டில் எழுதப்படாதது, மேடை காணாதது. அதுவே சிவராத்திரி இரவில் கிராமத்து இளைஞர் புரியும் குறும்பு.

மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் நான்கு யாமமும் விழித்திருத்தல் சைவர் விரதம். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் முதலாகச் சிறு கோயில்கள் ஈறாக அன்றிரவு பூசைகள் நிகழும். பெரியோர் கோயிலில் விழித்திருக்க, இளைஞர் ஒழுங்கையில் விழித்திருப்பர். இலங்கையின் வடபுலம் எங்கும் அறியப்பட்ட வழக்கம் இது. இளநீர்க் குலைகள் இறங்கும், சைக்கிள் மரமேறும், ஒரு வளவின் படலை பெயர்க்கப்பட்டுச் சந்தியிலோ கோயில் முன்றிலிலோ சாத்தப்படும். விடிந்ததும் வீட்டுத் தலைவர்கள் தத்தம் படலையைத் தேடிப் புறப்படுவர்.

இதனை வெறும் காவாலித்தனம் என ஒதுக்குவோர் உளர். நாடகத்தின் உறுப்புகள் அனைத்தும் இதில் அமைந்துள்ளமையை அவர்கள் நோக்குவதில்லை. காலம் ஓரிரவு, களம் வேலியும் ஒழுங்கையும், நடிகர் இளைஞர், விடியலில் திரள்வோர் பார்வையாளர். எழுதாத விதிகளும் உண்டு. எடுத்ததை உடைத்தல் ஆகாது. எடுத்தது கண்டெடுக்கக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். எடுத்தவன் பெயர் வெளிவரலாகாது. ஆயினும் அது யாவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்விதிகளுள் ஒன்று மீறப்படினும் நகை நீங்கிப் பகை தோன்றும்.

படலை ஏன் பெயர்க்கப்படுகிறது என்ற வினா முக்கியமானது. வன்னியின் குடும்ப அமைப்பைக் காணியுறவிலிருந்து பிரித்து நோக்க இயலாது. கிளிநொச்சிக் குடியேற்றம் 1930களில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்தது. பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் உருவாயின. அரசு வழங்கிய குடியேற்றக் காணிகளின் கைமாற்றத்தை 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் நெறிப்படுத்தியது. காணி அனுமதிப்பத்திரத்தில் பெரும்பாலும் தந்தையின் பெயரே இருக்கும். பின்னுரித்து வரிசையில் ஆண்மக்களே நெடுங்காலம் முன்னுரிமை பெற்றனர். உழைப்பு மகனுடையது, உரிமையோ தந்தையுடையது. அத்தகைய வளவில் படலை வெறும் மரச்சட்டம் அன்று. உள்ளே யார் வரலாம், எத்தனை மணிக்குள் வரல் வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தின் புறவடிவம் அது. ஆண்டு முழுவதும் அப்படலையைத் திறந்து மூடக் கட்டளை பெற்றவன், ஓரிரவு அதனைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறான்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தன் தந்தையின் படலையைத் தானே பெயர்ப்பது இவ்விளையாட்டின் இயல்பன்று. அதனை அயலவர் மகன் பெயர்க்கிறான். இவனோ அயலவர் படலையைப் பெயர்க்கிறான். இவ்வாறு கலகம் கைமாறுவதால், எந்த மகனும் தன் தந்தையை நேரே எதிர்க்காமலேயே எல்லாத் தந்தையரும் எதிர்க்கப்படுகின்றனர். காலையில் ஊர்ப்பிள்ளைகளைத் தந்தை வைகிறார். அருகே மகன் விரதம் காத்த களைப்பில் கண்ணயர்ந்திருக்கிறான். தாய்க்கு எல்லாம் தெரியும். அவள் எதுவும் கூறுவதில்லை. சிறந்த குடும்ப நகைச்சுவை ஒன்றிற்கு இதனினும் செறிவான இறுதிக் காட்சி வேண்டுவதில்லை.

இத்தகைய இரவு எமக்கு மட்டும் உரியதன்று. ஒக்ரோபர் 31ஆம் திகதி ஹலோவீன் இரவில் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாட்டுக் கிராமத்து இளைஞர் அயலவர் வாயிற்கதவுகளைப் பெயர்த்துச் சென்றனர். கடல் கடந்து குடியேறியோருடன் அவ்வழக்கம் வட அமெரிக்காவையும் அடைந்தது. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் குறும்பு சொத்தழிப்பாக மாறியபோது, ஊர்மன்றங்கள் விருந்துகளை ஏற்பாடு செய்து இளைஞரை அமைதிப்படுத்த முயன்றன. பிள்ளைகள் வீடுதோறும் இனிப்பு வாங்கும் இன்றைய வழக்கம் வேரூன்றியமைக்கு இம்முயற்சி துணைநின்றது. வின்சென்ற் மினெலி நெறிப்படுத்திய ‘மீற் மீ இன் சென் லூயிஸ்’ (1944) என்ற திரைப்படத்தில், ஹலோவீன் இரவில் அண்டை வீட்டார் முகத்தில் சிறுமி மாவை எறிகிறாள். அதே இரவில் தந்தை, குடும்பம் நியூயோர்க்குக்குக் குடிபெயரும் என அறிவிக்கிறார். பிள்ளைகளின் குறும்பைவிடத் தந்தையின் ஆணையே வீட்டைக் குலைப்பது என்பதைப் படம் உணர்த்துகிறது. இறுதியில் தந்தை தம் முடிவைக் கைவிட, வீடு நிலைத்து நிற்கிறது.

சேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களைத் திருவிழாக்களோடு பொருத்திக் கண்ட சி. எல். பார்பரும் (1959), றபெலேயின் எழுத்தில் மக்கள் சிரிப்பின் ஆற்றலைக் கண்ட மிக்கேல் பக்தினும் (1965) இத்தகைய தலைகீழாக்கங்களுக்கு விமர்சன மதிப்பை ஈட்டித் தந்தனர். எனினும் தலைகீழாக்கம் யாவும் முற்போக்கானது எனக் கொள்வது பேதைமையாகும். சிவராத்திரி இரவின் சுதந்திரம் ஆண்பிள்ளைகளுக்கே உரியது. பெண்பிள்ளைகளுக்குப் படலை அன்றும் மூடியே இருந்தது. இளநீர் இழந்தவர் வசதி படைத்தவராயின் அது நகை. தென்னை ஒன்றையே நம்பி வாழும் விதவையாயின் அது கொடுமை. வலியோரை நோக்கும்போதே குறும்பு கலையாகிறது. விடிந்ததும் அனுமதிப்பத்திரத்தில் பெயர் மாறிவிடுவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதே கருவின் மறுபக்கத்தைக் காத்தவராயன் கூத்திற் காண்கிறோம். தாயாகிய மாரியம்மனின் தடையை மீறி ஆரியமாலையை நாடிச் செல்லும் காத்தவராயனும் அடங்காப் பிள்ளையே. அவனது மாறுவேடங்களும் குறும்புகளும் பார்ப்போரை நகைக்கச் செய்வன. ஆயின் அவன் மீறுவது சாதியின் வேலி. ஆகவே அவன் கதை கழுமரத்தை நோக்கிச் செல்கிறது. சிவராத்திரியில் பெயர்க்கப்பட்ட படலை மறுநாள் மீளப் பொருத்தப்படும். ஆதலால் அது இன்பியல். காத்தவராயன் பெயர்த்ததை மீளப் பொருத்த முடியாது. ஆதலால் அது துன்பியல். இளமையின் மீறலை ஒரு சமூகம் எந்த எல்லைவரை சிரித்துக்கொண்டு பொறுக்கும் என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தே அறியலாம்.

எமது கலை வரலாறு இவ்விடயத்தில் பாராமுகமாக இருந்துள்ளது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றின் மூலம் கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். அம்மரபில் வீரமும் அவலமும் முதன்மை பெற்றமை இயல்பே. வானொலியில் வளர்ந்து திரைக்கு வந்த ‘கோமாளிகள்’ (1976) பேச்சுவழக்கு வேறுபாடுகளிற் பெரிதும் நகையை நாடியது. வன்னி நாவல்களுள் முன்வைத்து எண்ணப்படும் பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973), தந்தையை மீறி மணம் முடித்துத் தனியே காடு வெட்டும் மகனைக் காட்டுகிறது. அங்கும் மீறல் நகையாக மலரவில்லை. காட்டோடு போராடும் உழைப்பாளி என்றே வன்னி மனிதனை நாம் எழுதியும் படித்தும் வந்தோம். அவன் சிரித்ததைப் பதிவு செய்யத் தவறினோம்.

இத்தவறு சிறிதன்று. குறும்பு நிகழச் சில நிபந்தனைகள் வேண்டும். படலை வேண்டும், அதனைத் தாங்க வேலி வேண்டும், இரவில் அஞ்சாது நடக்கும் ஒழுங்கை வேண்டும், நாளை காலை அயலவர் அங்கேயே இருப்பார் என்ற உறுதி வேண்டும். போர் இந்நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அழித்தது. ஊரடங்கு இரவைப் பறித்தது. இளைஞரின் கிளர்ச்சி துப்பாக்கியின் பொருளைப் பெற்றது. வீட்டை விட்டு இரவில் சென்ற பிள்ளை விடியலில் திரும்புவான் என எத்தாயும் நம்ப முடியவில்லை. 2009இல் செட்டிகுளத்து மனிக் பாம் முதலிய முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அடைக்கப்பட்டனர். அங்கு முட்கம்பி வேலி இருந்தது. எவர் வளவுக்கும் உரிய படலை இருக்கவில்லை. 2012இல் மனிக் பாம் மூடப்பட்ட பின்னரும் தம் காணிக்குத் திரும்ப இயலாதோர் இருந்தனர். மினெலியின் படத்தில் நிலைத்த வீடு, வன்னியில் நிலைக்கவில்லை.

சிவராத்திரி இரவின் மீது யாருக்கு உரிமை என்ற வினா இன்னும் ஓய்ந்துவிடவில்லை. 2024 மார்ச் 8ஆம் திகதி வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலையில் சிவராத்திரி வழிபாட்டிற் கூடியோருள் எட்டுப் பேரைப் பொலிஸார் கைது செய்தனர். பின்னர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. விழித்திருத்தலே குற்றமாக நோக்கப்படும் சூழலில் விளையாட்டுக்கு இடமேது?

ஆகவே, இக்குறும்பு மரபை ஆராய்தல் பழமை போற்றும் ஏக்கம் ஆகாது. வன்னியின் ஒவ்வொரு குடியேற்றக் கிராமத்திலும் எவை பெயர்க்கப்பட்டன, யாருடையவை பெயர்க்கப்பட்டன, யார் சிரித்தனர், யார் சிரிக்கவில்லை என்பன முதியோர் வாய்மொழியாகத் திரட்டப்படல் வேண்டும். அழிவின் வரலாற்றை எழுதுவோர், அழிந்தது எத்தகைய வாழ்வு என்பதையும் எழுதக் கடமைப்பட்டவர்கள். படலையைப் பெயர்த்துச் சிரிக்க முடிந்த ஊர், அதனை மறுநாள் மீளப் பொருத்தவும் வல்லதாயிருந்தது. அவ்வல்லமையின் வரலாறு எம் ஆய்வுக்கு உரிய பொருளாகும்.